அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்

அன்புள்ள ஐயா,

நானே எழுதி, நானே படம் வரைந்து 32 பக்கத்தில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் தயாரித்திருக்கிறேன். சொந்தச் செலவில் அச்சிடப்போகிறேன். அதற்கு முன் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, கருத்துக் கேட்கப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் வைத்திருக்கிறேன். கடைசியில் நீதி சேர்க்கலாமா? எந்தத் தாள் நல்லது?

க.

அன்புள்ள க.,

தாளைப் பற்றி அச்சகத்தாரிடம் கேளுங்கள். நீதி வேண்டாம். உங்கள் படிவம்தான் என்னை எழுத வைத்தது. என்ன கொடுமை அது! பிள்ளைகள் கதை கேட்க வருகிறார்களா, பரீட்சை எழுத வருகிறார்களா?

ஐந்து வயதுப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து "பிடித்திருக்கிறது" என்றுதான் சொல்லும். பெரியவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது அதற்கு நன்றாகவே தெரியும். வாயை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். எந்த இடத்தில் காலை ஆட்டத் தொடங்குகிறது, எங்கே பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறது, எங்கே நீங்கள் திருப்புவதற்குள் அதன் கை நீள்கிறது என்று கவனித்து, கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்வரிசையில் இருந்தால் இன்னும் நல்லது. எழுதியது நீங்கள் என்று சொல்லவே வேண்டாம்.

நண்பர் ஒருவர் தம் கதையை வாசித்தபோது உடனிருந்தேன். ஒரு வாத்துக் குடும்பம் ஆற்றைக் கடக்கும் கதை. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து வந்து, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, நாணலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த குஞ்சின் மேல் விரலை வைத்து, "இது எப்போது வந்தது?" என்றாள். படத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று வரைந்த குஞ்சு. கதையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அதுவும் வந்துவிட்டது அம்மா" என்று நண்பர் சமாளித்தார். அவள் விடவில்லை. கடைசிப் படத்துக்குப் போய் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். உங்கள் பத்துக் கேள்விகளில் எது இவளை எழுப்பியிருக்கும்?

சொந்தச் செலவில் அச்சிடுவதற்குக் கூச வேண்டாம். ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893இல், நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்குப் படக் கடிதமாக எழுதியதுதான் அவருடைய முயல் கதை. பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901இல் தாமே 250 பிரதிகள் அச்சிட்டார். அவர் எழுதும்போது கண்முன் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. உங்கள் கண்முன் இருப்பது யார்? கடிதத்தில் தாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

வாசித்துவிட்டு, குறியிட்ட பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். ஆவலோடு பார்ப்பேன்.