இரத்தமும் பாவநிவிர்த்தியும்: லெந்து (தவக்கால) நாட்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (சாத்தான்குளம்): அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்காரர் கேக்கார்: "சுடலைமாடன் கொடையில நாங்க கிடா வெட்டுதோம். உங்க சாமிக்கும் இரத்தந்தான வேண்டியிருக்கு?" என்ன சொல்ல?

பதில்: நியாயமான கேள்வி, கோபப்படாதீங்க. உயிருக்கு உயிர் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. இங்குள்ள பலிகளைப் பற்றி 1849இல் எழுதிய கால்டுவெல்கூட, அந்த வழக்கம் மிஷனெரிமார் சிலுவையை எடுத்துச் சொல்லக் கைகொடுக்கிறது என்றார். கொடுப்பது யார் என்பதில்தான் வழி பிரிகிறது. "ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?" என்று சங்கீதம் 50:13இல் கர்த்தரே கேட்கிறார். லேவியராகமம் 17:11ஐ முழுதாக வாசியுங்கள். மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பாவநிவிர்த்திக்கென்று பலிபீடத்தின்மேல் உங்களுக்குக் கட்டளையிட்டது நானே என்கிறார். உயிர் அவருடையது, பரிகாரத்துக்கென்று அதை ஒதுக்கித் தருகிறவரும் அவரே. சிலுவையின் இரத்தத்தைப் பற்றிய போதனைக்கு இந்த வசனம் முக்கியமான அடிப்படை. இதை விட்டுவிட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி என்றாகிவிடும்.

கேள்வி (நாசரேத், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை): பாவநிவிர்த்தி நாளைப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் ஐயா. எங்கே பிசகும்?

பதில்: லேவியராகமம் 16ஐ அதன் வரிசையிலேயே சொல்லுங்கள். நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பிரதான ஆசாரியனான ஆரோன் குளித்து, பரிசுத்தமான சணல்நூல் உடை உடுத்துகிறான். ஜனங்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிற்கின்றன. எது கர்த்தருக்கு, எது போக்காடு (உயிரோடு போகவிடும் கடா) என்று சீட்டுப் போடுகிறான். முதலில் தனக்கும் தன் வீட்டாருக்கும் ஒரு காளையைக் கொல்கிறான். பிறகு தூபகலசம் நிறைய நெருப்பும், இரண்டு கை நிறையத் தூபவர்க்கமும் எடுத்துத் திரைக்கு உள்ளே போகிறான். புகை கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூட வேண்டும், இல்லாவிட்டால் அவன் சாவான். காளையின் இரத்தத்தை விரலால் கிருபாசனத்தின்மேல் கிழக்குப்புறமாகவும், அதற்கு முன்பாக ஏழு தரமும் தெளிக்கிறான். அடுத்து ஜனங்களுக்கான கடாவைக் கொன்று அதன் இரத்தத்தையும் அப்படியே தெளிக்கிறான். வெளியே வந்து பலிபீடத்தின் கொம்புகளில் இரண்டின் இரத்தத்தையும் பூசி, அங்கும் ஏழு தரம் தெளிக்கிறான்.

கடைசியில்தான் உயிரோடிருக்கும் கடா. அதன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து, பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்புகிறான்.

பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு கடாவும் வெட்டப்பட்டதாகச் சொல்லிவிடுவார்கள். பாவத்தைச் சுமந்த கடா சாகவில்லை, அதன் இரத்தமும் சிந்தவில்லை. செத்த கடாவின்மேல் பாவம் அறிக்கையிடப்படவும் இல்லை. (பிற்காலத்தில் போக்காட்டை மலையிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று யூத ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது, லேவியராகமத்தில் அது கிடையாது.) ஆக, இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது, போக்காடு பாவத்தைச் சுமந்து போகிறது. கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது இரண்டும் வேண்டும்.

பஸ்கா ஆட்டுக்குட்டியை இதோடு குழப்ப வேண்டாம். யாத்திராகமம் 12இல் பாவ அறிக்கையே வராது. அது எகிப்திலிருந்து விடுதலைக்கான பலி.

கேள்வி (வள்ளியூர்): இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பே கிடையாதா?

பதில்: எபிரெயர் 9:22இன் முற்பகுதியில் "கொஞ்சங்குறைய எல்லாம்" என்றிருப்பதைக் கவனியுங்கள். ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையானால் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு போதும், சுமார் 2 லிட்டர். எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்கக்கூடாது. "அவனுக்கு மன்னிக்கப்படும்" என்று லேவியராகமம் 5:13 சொல்கிறது. துணிகரமாய்ச் செய்த பாவத்துக்கோ எத்தனை ஆடு கொண்டுவந்தாலும் பலி இல்லை (எண்ணாகமம் 15:30). சந்தையில் விலை பேசுகிற மாதிரி இத்தனை இரத்தத்துக்கு இத்தனை பாவம் என்று கணக்குப் போட இடமில்லை.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்): குற்றமில்லாத மகனைத் தகப்பன் தண்டிப்பது எப்படி நீதி?

பதில்: தம்பி, தகப்பனையும் மகனையும் எதிரெதிரே நிறுத்துகிற பிரசங்கத்தால் வந்த வினை இது. "நானே அதைக் கொடுக்கிறேன்" என்று யோவான் 10:18இல் இயேசு தம் ஜீவனைப் பற்றிச் சொல்கிறார். 2 கொரிந்தியர் 5:19இன்படி தேவனே கிறிஸ்துவுக்குள் உலகத்தை ஒப்புரவாக்குகிறார். மற்றபடி விளக்கங்கள் பல. சாத்தானிடமிருந்து மீட்கும் விலை என்று நான்காம் நூற்றாண்டுப் பேராயர் நிசாவின் கிரகோரி சொன்னார். அவர் காலத்து நசியான்சின் கிரகோரி அதை மறுத்தார். தேவனுடைய கனம் குலைந்ததற்கு ஈடு என்பது 1098இல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த விளக்கம். நம் இடத்தில் தண்டனை ஏற்றார் என்பதைச் சீர்திருத்தவாதி கால்வின் வற்புறுத்தினார். இவற்றில் ஒன்றையே எல்லாச் சபைகளுக்கும் கட்டாயமாக்கிய பொதுச்சங்கம் எதுவும் இல்லை. நிசேயா விசுவாசப் பிரமாணமும் "நமக்காக" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. என் எண்ணத்தில், தண்டனை விளக்கத்துக்கு ஏசாயா 53இல் வலுவான ஆதாரம் உண்டு. ஆனால் லேவியராகமத்து இரத்தத்துக்கு அது ஒன்றே போதாது.

கேள்வி (திசையன்விளை): "இரத்தக்கோட்டைக்குள்ளே" என்று ஜெபித்துவிட்டு வாசல்நிலையில் எண்ணெய் பூசினால் வீட்டுக்குத் தீங்கு வராதுதானே?

பதில்: ஜெபிப்பதில் தப்பில்லை, தாயத்தாக்கினால் தப்பு. வெளிப்படுத்தல் 12:11இல் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால் ஜெயித்தவர்கள் யார் என்று பாருங்கள். மரணம் வந்தபோதும் ஜீவனைப் பாராதவர்கள். அவர்கள் ஜெயித்தார்கள், சாவுக்குத் தப்பியதாக அங்கே சொல்லவில்லை.

கேள்வி (தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சகோதரி): மாமியார் வீட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் அப்பம் மட்டும்தான் கொடுக்கிறார்கள். திராட்சரசம் இல்லையென்றால் பாதிதானே?

பதில்: அவர்கள் போதனைப்படி பாதியில்லை அம்மா. அப்பத்திலும் இரசத்திலும் தனித்தனியே முழுக் கிறிஸ்துவும் இருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் என்பதை 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் உறுதிசெய்தது. இப்போது சில திருப்பலிகளில் இரண்டும் கொடுக்கிறார்கள். "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்ற கட்டளையைப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் எல்லாருக்கும் இரண்டும் கொடுக்கிறோம். அங்கே நற்கருணை வாங்குவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள்; பிற சபையாருக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை.

கேள்வி (மெஞ்ஞானபுரம்): அப்போ ஆட்டு இரத்தப் பொரியல்?

பதில்: எதிர்பார்த்த கேள்விதான்! ஆதியாகமம் 9:4 விலக்குகிறது, அப்போஸ்தலர் 15:29உம் விலக்குகிறது. யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்காருவதற்காக வந்த ஏற்பாடு அது என்று மேற்கத்திய சபைகள் பின்னாளில் தளர்த்தின. மேற்கத்திய சபைப் பிதா அகஸ்டினே அப்படி எழுதியிருக்கிறார். கிழக்கத்திய சபை தளர்த்தவில்லை, 692இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய திருல்லோ சங்கம் மறுபடியும் தடைசெய்தது. நம் சபையில் தடையில்லை. வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அவர் இலையில் வைக்காதீர்கள்.