சின்ன வெங்காயம்: வரத்தைப் பாருங்கள், விலை தெரியும்

செட்டிகுளத்திலிருந்து: விலை நெகிழ்ச்சி என்றால் என்ன ஐயா?

விலை 10 சதவீதம் ஏறும்போது சனம் வாங்குவது 3 சதவீதம் குறைந்தால் நெகிழ்ச்சி 0.3. வாரம் ஒரு கிலோ வாங்கும் வீடு விலை ஏறினால் முக்கால் கிலோவுக்கு இறங்கும். இன்னும் ஏறினால் பல்லாரிக்கு மாறிவிடும். அதனால் பல்லாரி விலையையும் சேர்த்தே பாருங்கள். அது மலிவாக இருக்கும் மாதத்தில் சின்ன வெங்காயத்துக்கு ஒரு உச்சவரம்பு விழுந்துவிடும்.

திண்டுக்கல் பக்கமிருந்து: விலையை மண்டியில்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு எதற்கு?

நல்ல கேள்வி. உங்களுக்கு வேண்டியது கணக்கின் மறுபக்கம்: வரத்து கூடினால் விலை எவ்வளவு விழும்?

ஒரு உதாரணம். போன வாரம் 1,000 மூட்டை வந்தது, கிலோ 40 ரூபாய். இந்த வாரம் 1,200 மூட்டை, 30 ரூபாய். இரண்டுக்கும் நடுவிலுள்ள எண்ணால் வகுங்கள்: வரத்து 200/1,100, அதாவது 18 சதவீதம் கூடியது, விலை 10/35, கிட்டத்தட்ட 29 சதவீதம் விழுந்தது. வரத்து 1 சதவீதம் கூடினால் விலை ஒன்றரை சதவீதத்துக்கு மேல் சரிகிறது என்று அர்த்தம். 50 கிலோ மூட்டைக்குப் பெருக்கிப் பாருங்கள்: முதல் வாரம் மொத்தம் 20 லட்சம், அடுத்த வாரம் 18 லட்சம். காய் கூடியது, காசு குறைந்தது. ஊரே சேர்ந்து நட்ட வருடம் கை கடிப்பது இதனால்தான்.

இது புதுசு இல்லை. 1699-ல் இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் என்ற பொருளாதார எழுத்தாளர் வெளியிட்ட கணக்கு ஒன்று, கிரிகரி கிங் என்ற புள்ளிவிவரக்காரர் பெயரில் வழங்குகிறது: தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும்.

துறையூரிலிருந்து: இரண்டு வாரத்தை வைத்து முடிவு சொல்லலாமா?

கூடாது தம்பி. ஓணத்துக்கு முந்தைய வாரம் கேரளா லாரி வரிசை கட்டும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் போகும். அப்போது வரத்தும் விலையும் சேர்ந்தே ஏறலாம். அது தேவை கூடியதால் வந்தது. அந்த வாரங்களைக் கணக்கில் சேர்த்தால் நெகிழ்ச்சி தப்பாக வரும். மழையில் காடு ஈரமாகி, காய் பிடுங்க முடியாமல் வரத்து சரிந்த வாரங்களே எனக்குப் பிடித்தவை. இங்கே மழை பெய்ததால் கேரளாக்காரர் சாம்பார் வைப்பதை நிறுத்துவதில்லை. மாறியது வரத்து மட்டும்தான். மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் சந்தை வாரியாக வரத்தும் விலையும் கிடைக்கும். அதோடு மழை நாளையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

திருச்சியிலிருந்து: கடையில் 60 ரூபாய், காட்டில் 30. எதை வைத்துக் கணக்கிடுவது?

காட்டு விலையை வையுங்கள். நடுவிலுள்ள லாரி வாடகை, ஏற்றுகூலி, கமிஷன் 30 ரூபாய் அப்படியே நின்றால், உங்கள் விலை 10 சதவீதம் விழும்போது கடையில் 5 சதவீதம்தான் விழும். வாங்குபவருக்கு அது அவ்வளவாக உறைக்காது, அவர் பெரிதாகக் கூடுதலாக வாங்கமாட்டார். ஆகவே காட்டில் நெகிழ்ச்சி கடையில் இருப்பதில் பாதிதான்.

பல்லடத்திலிருந்து: வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாக அடுக்கிச் சேமித்து, காத்திருக்கலாமா அண்ணா?

100 கிலோ இன்று 30 ரூபாய்க்குப் போனால் 3,000. மூன்று மாதத்தில் எடை சுருங்கி, அழுகி, முளைத்து 20 கிலோ போய்விட்டால், மீதி 80 கிலோவுக்கு 37.50 கிடைத்தால்தான் முதலுக்கு முதல். வட்டியும் கூலியும் தனி. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்த மாதிரி திடீர் அடியும் உண்டு. பாதியை இப்போதே விற்றுவிடுங்கள். மீதியைப் பட்டறையில் போடுமுன் பக்கத்து நாலு ஊரில் எத்தனை பட்டறை நிற்கிறது என்று வண்டியில் ஒரு சுற்று போய் எண்ணிவிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து மண்டிக்கு வரப்போகும் வரத்து அதுதான்.