குறைந்த செலவில், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டை அலங்கரிப்பது எப்படி?

புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள், கடைகளில் ‘ஈகோ’ என்று எழுதி ஒட்டிய சாமான்களின் விலையைப் பார்த்து மலைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூங்கில் விளக்கு, சணல் பை என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் அதுதானே.

எங்களுடையது பாளையங்கோட்டையில் மாமனார் காலத்து வீடு. அவருக்குப் பிறகு எமல்ஷன் அடித்து வந்தோம். ஐப்பசி மழை பிடித்தால் போதும், சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி உரியும். எமல்ஷன் காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் படலம். செங்கலில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்கப் பெயிண்டரைக் கூப்பிட்டால், “அக்கா, புட்டி வச்சு இன்னொரு தடவ இழுத்துருவோம், சுண்ணாம்பு அடிக்க இப்ப யாருக்கா இருக்கா?” என்றார். கொழுந்தன் மனைவி ஒரு படி மேலே போய், “என்ன மதினி, கல்யாண வீட்டுல போய் சுண்ணாம்பு அடிக்கீய, காசா இல்ல?” என்று எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள். நான் விடவில்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடித்தோம். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டினால்தான் அது பிடிக்கும். 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்குமோ, யார் கண்டது. அதனால் தண்ணீர் தெளித்துத்தான் சுரண்டச் சொன்னேன், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் தண்ணீரில் போட்டு நீற்றினோம். தளதளவென்று கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. மறுநாள் துணியில் வடிகட்டி, வடிகஞ்சியும் துளி நீலமும் கலந்து, சுவரை நனைத்துக்கொண்டு மட்டைப் பிரஷால் அடிக்க வேண்டும். முதல் பூச்சு வெறும் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். பெயிண்டர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் காயக் காய வெள்ளை ஏறி வந்தது, அவரே கையால் தடவிப் பார்த்துவிட்டு இரண்டாம் பூச்சுக்கு வாளியைத் தூக்கினார். அடுத்த மழைக்கு ஓதம் வந்தது, சுவர் கறுத்தது, பிறகு தானாகவே காய்ந்தும் போனது. உரியவில்லை.

சுண்ணாம்பு சுடவும் விறகும் கரியும் எரிக்கிறார்களே என்று சிலர் வருவார்கள். எரிக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சூளையில் கிளிஞ்சல் விட்ட கரியமில வாயுவைச் சுவரில் இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். எமல்ஷன் அதைச் செய்யாது. சுண்ணாம்பு துணியில் ஒட்டும் என்பார்கள். கஞ்சி சரியாகச் சேர்த்தால் அவ்வளவாக ஒட்டாது.

வாடகை வீடு என்றால் இதெல்லாம் நடக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அடுத்து வந்தவர்களிடம் விசாரித்தால் பெயிண்டே அடிக்கவில்லை, எங்கள் காலண்டர் மாட்டிய தடம்கூட அப்படியே இருக்கிறதாம். ஊரெல்லாம் இது வழக்கமாகிவிட்டது. கேட்க நாதியில்லை.

வாடகை வீட்டுக்காரர்கள் தரையில் செலவழியுங்கள், போகும்போது சுருட்டிக்கொண்டு போகலாம். கோரையில் நெய்கிற பத்தமடைப் பாய் வாங்குங்கள், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில்தான் ஊர், நெய்கிறவர்களிடமே வாங்கலாம். வெளியில் வாங்கினால் பிளாஸ்டிக் பாயையே கோரை என்று தள்ளிவிடுவார்கள். ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கோரை சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். பாயைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் கோரை ஒடியும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.