வாழைப் பூஞ்சையில் எய்ட்ஸ் வைரஸின் நொதியா?

குலசேகரம் அருகே 30 சென்ட் நிலத்தில் ரசகதலி வாழை பயிரிட்டிருக்கும் வாசகர் கேட்கிறார்: “அடி இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன, மூட்டைப் பிளந்தால் செம்பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. இந்தப் பூஞ்சையில் எய்ட்ஸ் வைரஸின் நொதி இருப்பதால் குலையை உண்பது ஆபத்து என்று கூறி, மருந்து முகவர் ஒருவர் ‘மரபணுத் தடுப்புத் திரவம்’ விற்கிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம், முற்றிய குலையை அச்சமின்றி உண்ணுங்கள். நீங்கள் கண்ட அறிகுறிகள், பியூசேரியம் என்ற மண்வாழ் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய்க்கு உரியவை. எய்ட்ஸ் வைரஸ் தன் மரபுப்பொருளை நம் உயிரணுவின் மரபிழையில் செருகப் பயன்படுத்தும் நொதிக்கு இன்டக்ரேஸ் என்று பெயர். பூஞ்சைகளில், இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் ஏராளம். அவற்றின் நொதிகள் சிலவும் அதே வேலையை, ஏறக்குறைய அதே அமைப்பைக் கொண்டு செய்கின்றன. இது பழைய வம்ச உறவேயன்றி நோய்த்தொற்று அன்று. மக்காச்சோளத்திலும் தாவும் மரபணுக்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பார்பரா மெக்லின்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றார். நம் மரபுப்பொருளிலேயே சுமார் 8 விழுக்காடு பழைய ரெட்ரோ வைரஸ்களின் (எய்ட்ஸ் வைரஸும் இவ்வகைதான்) எச்சம்தான்.

ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே பியூசேரியம் இனத்தின் தக்காளி வாடல் வகையில், தாவும் துண்டுகள் நிறைந்த ஒரு குரோமோசோம் நோய் உண்டாக்காத மற்றொரு பியூசேரியத்துக்குள் போய்ச் சேர, அதுவும் தக்காளியைத் தாக்கத் தொடங்கியதை 2010இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதுவும் பூஞ்சையிலிருந்து பூஞ்சைக்குத்தான். வாழைக்கோ, பழத்தை உண்பவருக்கோ அல்ல.

எய்ட்ஸ் நோயாளிகளுக்கான இன்டக்ரேஸ் தடுப்பு மாத்திரைகள் 2007 முதல் உள்ளன. வாழைமூட்டில் ஊற்றுவதற்கு அப்படியொரு மருந்து கிடையாது. உண்மையான ஆபத்து, நோய் கண்ட தோட்டத்துக் கன்றுகளை நல்ல கன்று என்று கைமாற்றி விற்கும் இடைத்தரகர்களிடம்தான் இருக்கிறது. வெளியே பச்சையாக நிற்கும் கன்றின் கிழங்குக்குள் பூஞ்சை ஒளிந்திருக்கும். கன்றுக்குப் பிறப்பிடச் சான்று கேட்கும் வழக்கத்தையே நாம் இன்னும் உருவாக்கவில்லை என்பதும், வெட்டிய கிழங்கைக் கையில் ஏந்தி விவசாயி அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குள் முகவர் வீட்டுவாசலுக்கே வந்துவிடுகிறார் என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

நோயுற்ற மூடுகளைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரியுங்கள். குழிக்கு 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இடுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணில் இப்பூஞ்சை பல்லாண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் அந்த இடத்தில் மறுபடியும் ரசகதலி நடாதீர்கள். மாற்று ரகத்துக்கும் திசு வளர்ப்புக் கன்றுக்கும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் கேளுங்கள். போகும்போது பிளந்த கிழங்குத் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.