ஆவண வழுக்களைத் தரம்பிரித்தல்

கேள்வி: திறமூலத் திட்டமொன்றின் ஆவண வழுக்களைத் தரம்பிரிக்க விரும்புகிறேன். நிரல் எழுதத் தெரியாது. எங்கே தொடங்கலாம்?
- வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: மென்பொருளின் விளக்கக் கையேட்டிலுள்ள பிழைகளே ஆவண வழுக்கள்; அவை பற்றி வரும் முறைப்பாடுகளைச் சரிபார்த்து, அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்துவதே தரம்பிரித்தல். இதற்கு நிரல் தெரியாதது தடையே இல்லை; விடுபட்ட படி புதியவரின் கண்ணில்தான் முதலில் படும். ஒரு முறைப்பாட்டை எடுத்ததும், அதே முறைப்பாடு ஏற்கெனவே பதிவாகியுள்ளதா எனத் தேடுங்கள். பிறகு புதிய பதிப்பின் ஆவணப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள கட்டளையை எழுத்துப் பிசகாமல் மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாகத் தனியே இயங்கும் கணினி) இயக்கிப் பாருங்கள். பதிப்பு எண்ணையும் வந்த பிழைச்செய்தியையும் குறியுங்கள். விளைவு வேறாக வந்தால் உடனே ஆவணத்தைக் குற்றம் சொல்லவேண்டாம். வழு நிரலிலும் இருக்கலாம். தரவை அழிக்கக்கூடிய தவறான கட்டளைக்கே முதலிடம், எழுத்துப்பிழை காத்திருக்கட்டும்.

தமிழ்ப் பக்கத்தில் கண்ட பிழை ஆங்கில மூலத்திலும் இருந்தால் மூலத்தையே திருத்தக் கேளுங்கள். மென்பொருளின் வரிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் (gettext) முறையில் மூல வரி மாறியதும் பழைய தமிழ் வரி ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்படும். யாராவது சரிபார்க்கும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். அந்த வரியை நீங்களே சரிபார்த்துக் கொடுக்கலாம்.