பண்ணைக்குட்டைக்கு ஷீட் விரிக்கலாமா?

கேள்வி: செம்மண் நிலத்தில் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். ஐப்பசியில் நிரம்பிய தண்ணீர் தை பிறக்கும் முன்பே வற்றிவிட்டது. தார்ப்பாய் விரித்தால் நிற்குமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: குட்டையை எதற்காக வெட்டினீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பக்கத்துக் கிணறு ஊற வேண்டும் என்பதே நோக்கமானால், இறங்கிப்போன தண்ணீர் வீணாகவில்லை. ஷீட் விரித்தால் அந்த ஊற்றை நீங்களே அடைத்துவிடுவீர்கள். கோடைக்குத் தேக்கிவைக்க வேண்டுமென்றால் மட்டும் செலவிடுங்கள். அப்போதும் ஆவியாவது நிற்காது.

நெல் காயவைக்கும் சாதாரணத் தார்ப்பாய் இதற்கு உதவாது. 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்பு ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலித்தீன் பிளாஸ்டிக்) ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் வரை கலந்திருக்கும் கரித்தூள்தான், வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகாமல் காக்கிறது.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். வாய் 20 மீட்டர் என்பதால் ஷீட்டும் 20 மீட்டர் போதாது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்படி சரிவு விட்டிருந்தால் அடித்தளம் 11 மீட்டர், இருபுறச் சரிவும் தலா சுமார் 5.4 மீட்டர், கரைமேல் காடி வெட்டிப் புதைக்கப் பக்கத்துக்கு 1 மீட்டர் சேர்த்தால், ஏறத்தாழ 24 மீட்டர் சதுரம் வேண்டும். எடை மட்டும் 270 கிலோவைத் தொடும். ஆள் பலத்தோடு இறங்குங்கள்.

ஷீட்டை விட அதன் அடியிலுள்ள மண்ணே முக்கியம் என்பேன். உங்கள் பக்கத்துச் சீமைக்கருவேல வேர்க்கட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும், 3 மீட்டர் தண்ணீரின் பாரம் ஷீட்டை அதன்மேல் அழுத்திக் கிழித்துவிடும். கல்லையும் வேரையும் பொறுக்கி, சலித்த மண்ணைப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கிய பிறகே விரியுங்கள். உச்சிவெயிலில் விறைப்பாக இழுத்துக் கட்டினால், இரவுக் குளிரில் சுருங்கும்போது இணைப்புகள் இழுபடும். காலையில், சற்றுத் தளர்வாக விரிப்பதே சரி. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது என்பதால், இணைப்புகளை வெப்பத்தால்தான் பற்றவைக்க வேண்டும்.

நனைந்த ஷீட் பாசி படிந்த படிக்கட்டை விட வழுக்கும். தவறி விழுந்த ஆடும் ஏற முடியாது, ஆளும் ஏற முடியாது. தண்ணீர் நிறைவதற்குள் சுற்றிலும் வேலி போட்டு, நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிறுகளைக் கரையில் கட்டித் தொங்கவிடுங்கள்.