மூன்றாம் பாகத்துக்காக வாதாடலாமா?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒரு படமாக 'ஏலியன்' வரிசையை முதலிலிருந்து பார்த்து வருகிறோம். இரண்டாம் பாகம் முடிந்ததும், மூன்றாவதை விட்டுவிட்டு நேராக நான்காவதற்குப் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1992-இல் வந்த அந்த மூன்றாம் பாகம்தான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த படம். இரண்டாம் பாகத்தில் தப்பிப் பிழைத்த சிறுமி நியூட்டையும் படைவீரன் ஹிக்ஸையும் தொடக்கத்திலேயே கொன்றுவிட்ட படத்தை எப்படி ரசிக்க முடிகிறது என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் ரசனையில்தான் கோளாறா? அவர்களை எப்படிப் பார்க்க வைப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ரசனையில் எந்தக் கோளாறும் இல்லை. நானும் அந்தப் படத்தின் பக்கம் நிற்பவன்தான். ஆனால் முதல் முறை பார்த்தபோது உங்கள் நண்பர்களைப் போலவே கோபத்தோடுதான் எழுந்து போனேன் என்பதால், அவர்களுடைய வழக்கை முதலில் அவர்கள் சார்பிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் முடிவு வரை இந்தப் பதிலில் பேச வேண்டியிருக்கிறது. எனவே இதை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' படத்தில், இந்த வரிசையின் நாயகி ரிப்ளி விண்கலத்தில் 57 ஆண்டு நீடித்த உறைதுயில் என்ற செயற்கைத் தூக்கத்திலிருந்து விழிக்கிறாள். அவள் விட்டுவிட்டுப் போன மகள் அதற்குள் முதுமையடைந்து இறந்துபோயிருக்கிறாள் என்பதை அந்தப் படத்தின் நீட்டித்த பதிப்பு சொல்கிறது. அப்படிப்பட்டவளுக்குக் குடும்பத்தை இழந்த நியூட் என்ற சிறுமி கிடைக்கிறாள். அவளுக்காகவே ரிப்ளி மறுபடி நரகத்துக்குள் இறங்கி ஏறுகிறாள். இருவரும் உறைதுயிலில் கண் மூடும்போது படம் முடிகிறது. ஆறு ஆண்டு காத்திருந்து அடுத்த படத்துக்கு வந்தவர்கள், பெயர்கள் ஓடி முடிவதற்குள் கலத்தில் தீப்பிடிப்பதையும், தப்பும் கலம் ஒரு சிறைக் கிரகத்தின் கடலில் விழுவதையும், ரிப்ளியைத் தவிர அதில் எவரும் பிழைக்கவில்லை என்பதையும் பார்த்தார்கள். நியூட் தன் பெட்டிக்குள்ளேயே மூழ்கி இறந்திருக்கிறாள். கேமரூனே இந்த முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தக் கோபம் அந்தப் பாத்திரங்கள் மீதுள்ள அன்பிலிருந்து வருவது. அதைத் தவறென்று நிரூபிக்க முயன்றால் வாதம் அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

நண்பர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்தச் சாவுகளைப் படம் என்ன செய்கிறது? இந்த வரிசையில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முதல் இரண்டு படங்களில் செத்தவர்களுக்காக நின்று அழ எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை; அடுத்த கதவைச் சாத்த ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாம் பாகம்தான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தன் முதல் அரைமணி நேரத்தைத் துக்கத்துக்கே கொடுக்கிறது. நியூட்டை வேண்டாத சுமையாகக் கருதி ஒதுக்கியிருந்தால், ஒரு வரி வசனத்தில் கதையை முடித்துக்கொண்டு படம் வேறு வேலைக்குப் போயிருக்கும். அப்படிப் போகவில்லை.

பிணவறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறுமியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சிறை மருத்துவன் கிளெமன்ஸிடம் ரிப்ளி கேட்கிறாள். காலரா இருக்கலாம் என்று காரணம் சொல்கிறாள். இருநூறு ஆண்டுகளாகக் காலராவே வந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும், ஆனாலும் செய்கிறான். மனித உடலுக்குள் வளர்ந்து மார்பைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் அந்த வேற்றுக்கோள் உயிரி குழந்தையின் மார்புக்குள் இருக்குமோ என்பதுதான் அவளுடைய உண்மையான பயம். வெட்டும் கருவிகளின் ஓசையும் ரிப்ளியின் முகமும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. யாரைக் காப்பாற்ற உயிரையே பணயம் வைத்தாளோ, அவளுடைய மார்பைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டிய நிலை. அங்கே ஒன்றும் இல்லை. நுரையீரலில் தண்ணீர் மட்டும்தான். ரிப்ளி தேடியது அவளுடைய மார்புக்குள்ளேயே இருக்கிறது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிய வருகிறது. இரண்டாவது முறை பார்க்கும்போது இந்தக் காட்சியைத் தாங்கிக்கொள்வது கடினம்.

அடுத்தது ஈமச் சடங்கு. துணியில் சுற்றிய நியூட், ஹிக்ஸ் இருவரின் உடல்கள் ஈய உலையின் விளிம்பில் காத்திருக்கின்றன. கண்காணிப்பாளர் ஆண்ட்ரூஸ் சடங்குக்குரிய வார்த்தைகளைக் கடமைக்குச் சொல்லி முடிக்கிறான். அதன் பிறகு எவரும் எதிர்பாராமல் கைதி டில்லன் பேசத் தொடங்குகிறான். குற்றமற்றவர்கள் ஏன் தண்டிக்கப்படுகிறார்கள் என்று கேட்கிறான். எதற்கும் உத்தரவாதம் இல்லை என்கிறான். ஒவ்வொரு சாவிலும், அது எத்தனை சிறியதாக இருந்தாலும், புதிய உயிர் ஒன்று இருக்கிறது என்று முடிக்கிறான். கொலையும் பாலியல் வன்கொடுமையும் செய்து சிறைக்கு வந்தவன் அவன். முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக அவன் சொல்லும் சொற்களில்தான் இந்தச் சடங்கு உண்மையான சடங்காகிறது. சார்லஸ் எஸ். டட்டனின் குரல் அந்த இடத்துக்கென்றே அமைந்தது போலிருக்கும். உடல்கள் நெருப்பில் விழும் அதே நேரத்தில், வேறோரிடத்தில் ஒரு விலங்கின் உடலைக் கிழித்துக்கொண்டு அந்த உயிரி பிறக்கிறது. புதிய உயிர் என்று டில்லன் நம்பிக்கையோடு சொன்ன சொல்லைப் படம் அந்த நொடியிலேயே பயங்கரமாக்கிக் காட்டுகிறது. எலியட் கோல்டன்தாலின் இசை துதிப்பாடலைப் போல மேலெழுந்து இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. இந்த வரிசை முழுவதிலும் இதற்கு நிகரான ஐந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

துக்கத்தை மட்டும் நம்பி நிற்கும் படம் என்றும் இதை நினைத்துவிடக் கூடாது. ஃபியோரினா 161 என்ற அந்தச் சிறைக் கிரகத்தில் எஞ்சியிருப்பவர்கள் இருபத்தைந்து கைதிகள். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. முதல் படத்தில் கப்பலின் ஊழியர்கள் செத்தாலும் பரவாயில்லை, உயிரியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கப்பலின் உரிமையாளரான நிறுவனம் இரகசிய உத்தரவு போட்டிருந்தது. இங்கே அந்தக் கணக்கு இன்னும் எளிது: இந்தக் கைதிகள் செத்தால் கேட்பதற்கு ஆளே கிடையாது. வரப்போகும் கப்பல் தங்களைக் காப்பாற்ற வரவில்லை, உயிரிக்காகத்தான் வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகும் அவர்கள் அதோடு மோதத் துணிகிறார்கள். இறுதியில் நிறுவனத்தின் ஆள் ரிப்ளியின் முன்னால் வந்து, அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிடலாம், நீ வாழலாம், குழந்தைகள்கூடப் பெறலாம் என்கிறான். இரண்டாம் பாகத்தில் அவள் போராடிப் பெற்ற எல்லாவற்றையும் ஒரு விலையாக அவளிடமே திருப்பி நீட்டுகிறான். நியூட் உயிரோடிருக்கும் கதையில் அந்தப் பேச்சுக்கு இத்தனை கனம் வந்திருக்காது. ரிப்ளி மறுத்துவிட்டுப் பின்னோக்கி நெருப்பில் சாய்கிறாள்.

இனி, எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது காயங்களோடு பிறந்த படம். வில்லியம் கிப்சன் உட்படப் பலர் எழுதிய திரைக்கதைகள் கைவிடப்பட்டன. மரத்தால் ஆன கோளில் துறவிகள் வாழ்வதாக வின்சென்ட் வார்ட் யோசித்த கதை பாதி வழியில் சிறைக்கதையாக மாற்றப்பட்டது. முதல் முறையாகத் திரைப்படம் இயக்க வந்த டேவிட் ஃபிஞ்சர், முடிவாகாத திரைக்கதையோடுதான் படப்பிடிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. அதன் தழும்புகள் திரையில் தெரிகின்றன. மொட்டைத் தலையும் ஒரே மாதிரி உடையுமாக இருக்கும் கைதிகளில் யார் யார் என்று பிரித்தறிவது கடினம். இறுதித் துரத்தலில் எந்த நடைவழி எங்கே போகிறது என்று புரிவதில்லை. கம்பிகளால் இயக்கிய பொம்மையைத் தனியே படமெடுத்து ஒட்டிய காட்சிகளில், உயிரி அந்த இடத்தில் நிற்பதாகவே தோன்றாது. என் மனத்தாங்கல் கிளெமன்ஸின் சாவுதான். தன் தவறால் பதினொரு பேர் இறந்த கதையை ரிப்ளியிடம் சொல்லி முடித்த கையோடு அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ரிப்ளியோடு சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவன் போன பிறகு, டில்லன் அந்த இடத்துக்கு வரும்வரை படம் தடுமாறுகிறது. இவற்றையெல்லாம் நண்பர்கள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பார்க்க வைக்கும் வழிக்கு வருகிறேன். திரையரங்கில் வந்த பதிப்பைத் தவிர்த்துவிட்டு, 2003-இல் குறுந்தகட்டுத் தொகுப்புக்காக உருவாக்கப்பட்ட நீண்ட பதிப்பைத் தேடி எடுங்கள். அது சுமார் அரைமணி நேரம் கூடுதலானது. அதில் ஃபிஞ்சர் பங்கேற்கவில்லை என்றாலும், அவர் எடுத்துவைத்திருந்த பல காட்சிகள் அதில் திரும்பி வந்திருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ரிப்ளியைக் கிளெமன்ஸ் கண்டெடுக்கும் நீண்ட தொடக்கம் அதில் இருக்கிறது. கைதிகள் உயிரியை ஒருமுறை பிடித்து அடைத்துவிடுவதும், அதைக் கோலிக் என்பவன் திறந்துவிடுவதும் அதில்தான் இருக்கின்றன. திரையரங்குப் பதிப்பில் இந்தக் கோலிக் பாதியில் காணாமலே போய்விடுவான், ஏன் என்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது காரியம், இரண்டாம் பாகம் பார்த்த அடுத்த வாரமே இதைப் போடாதீர்கள். அந்த வெற்றியின் சூடு ஆறாமல் பார்த்தால் இது துரோகமாகத்தான் தெரியும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.

நேராக நான்காவதற்குப் போகலாம் என்பவர்களிடம் ஒரு நடைமுறைக் காரணமும் சொல்லலாம். 1997-இல் வந்த அந்தப் படம், மூன்றாம் பாகத்தில் இறந்த ரிப்ளியைப் படியெடுத்து உருவாக்குவதில்தான் தொடங்குகிறது. இதைப் பார்க்காமல் போனால் அங்கே நிற்பவள் யார் என்பதே அவர்களுக்கு விளங்காது.

படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டாம்; இது எவ்வளவு நல்ல படம் என்று முன்னுரையும் கொடுக்க வேண்டாம். நியூட்டின் சாவுக்கு அவர்கள் கோபப்படட்டும், படத்தைத் திட்டட்டும். உலையருகில் டில்லன் பேசி முடிக்கும்வரை மட்டும் யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.